ஒரே ஒரு சுற்று

இன்று காலை கண் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லிவிட்டு ஓர் இசையைப் போட்டார்கள். மூன்று மூன்றாகத் தாளம் விழுகிற இசை. என் வலது கால் தானாகப் பின்னால் போனது. மறுமுனையில் ஆள் பேச வந்தபோது எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துவிட்டது. வைத்துவிட்டேன்.

நீங்கள் ஃபேக்டரியிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டாம் வருடம் உங்களுக்குப் பார்க்கின்சன் நோய் என்றார்கள். நடக்க நடக்கக் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். முகப்பேரில் பிசியோதெரபி கொடுத்த பெண், மூன்று எண்ணி அடிவைத்தால் கால் நகரும் என்று வால்ட்ஸ் நடனம் சொல்லிக்கொடுத்தாள். ஆஸ்திரியா, ஜெர்மனி பக்கத்து மலைக் கிராமங்களில் குடியானவர்கள் ஜோடியாகச் சுழன்று ஆடியதிலிருந்து வந்ததாம். வியன்னாவில் வேகமாகச் சுழல்வார்களாம். இங்கிலாந்தில் அதையே நிதானமாக்கிவிட்டார்களாம். ஓரடி வைத்துத் தயங்கி நின்று போகிற வகையும் உண்டு என்றாள்.

"அது எனக்கு ஏற்கெனவே தெரியும்மா" என்றீர்கள். அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஆணும் பெண்ணும் இப்படிப் பிடித்துக்கொண்டு ஆடுவதா என்று அந்த நாளில் அங்கேயே முகம் சுளித்தார்களாம். திருமுல்லைவாயில் வீட்டு ஹாலில் முதல் நாள் நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் பகல் வெளிச்சத்தில் நீங்கள் என் இடுப்பில் கை வைத்தது அன்றுதான். சோபாவிலிருந்து சமையலறை வாசல் வரை கால் ஒட்டாமல் வந்தீர்கள்.

ஆறு மாதம் அப்படிப் போனது. பிறகு எண்ணிக்கை கால்களுக்கு எட்டவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள், நோய் அதை மிஞ்சிக்கொண்டு போனது. சுற்ற மட்டும் கூடாது என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தாள். மகன் கடைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டீர்கள்.

"சுத்தாம இன்னா வால்ட்ஸ் அது? ஒரே ஒரு தபா."

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றேன்.

"அதான் நீ கீறியே."

ஒரு சுற்று முழுதாக வந்தது. அதோடு நின்றிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவதற்கு நான்தான் அடியெடுத்து வைத்தேன்.

இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடந்தபடியே, "பாத்ரூம்ல வழுக்கிச்சுன்னு சொல்லு. ஆடுனோம்னா புள்ள உன்னத் திட்டுவான்" என்றீர்கள். அப்படியே சொன்னேன். மூன்று மாதம் படுக்கை. அப்புறம் நெஞ்சில் சளி கட்டியது. கடைசி வாரம் உங்கள் உள்ளங்கையில் மூன்று மூன்றாகத் தட்டிப் பார்த்தேன். விரல்கூட அசையவில்லை.

காரியம் முடிந்த மறுவாரமே மகன் பாத்ரூம் டைல்ஸை உடைத்துச் சொரசொரப்பானதாக மாற்றினான். "முன்னாடியே மாத்தியிருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்று கொத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன். வெளியே வந்து கொடுத்தேன்.

இன்னும் அவனிடம் சொல்லவில்லை. தினமும் அந்த டைல்ஸ்மேல் நின்றுதான் குளிக்கிறேன்.