மட்டம் இல்லை

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன், அப்படியே இருங்கள். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய்யோடு கடிதத்தைத் தொடங்க மனசு வரவில்லை. எனக்கு வலது முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. உன் அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது, இவரோ பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, எழுத்தைச் சின்னதாக அடிக்கிறார்கள் என்று பேப்பர்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். குளியலறைக் குழாயில் வாஷர் போய் ஒழுகுகிறது, அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டுச் சரிசெய்துவிட்டேன் என்கிறார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷனுக்கு ஒரு வாஷர் மாற்றத் தெரியாதா, கேட்டால் ஓய்வு பெற்றவனை வேலை வாங்காதே என்கிறார். அது கிடக்கட்டும். இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், போனில் நீ குறுக்கே பேசுவாய், விடும்மா விடும்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய். ஆஸ்பத்திரியில் ஒரு விபத்து நடந்து, அதற்கு விசாரணை நடந்து, ஒரு மனுஷனுடைய வேலை மூன்று நாளாக என் நாக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு.

என் லிஃப்டை உனக்குத் தெரியும், சின்ன வயசில் என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறாய். பொத்தான் கிடையாது, கைப்பிடிதான், பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும், எங்கே விடுவது என்பது ஓட்டுகிறவருடைய பாடு. அதற்கு வயசு நாற்பத்திரண்டு, நான் அதில் ஏறி இருபத்தேழு வருஷம். பித்தளைக் கைப்பிடியில் என் விரல் படிகிற இடம் பள்ளமாகிவிட்டது, பதிலுக்கு அது என் வலது தோளைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டது. தையற்காரி அளவெடுக்கும்போதெல்லாம் நேரா நில்லுங்கம்மா என்கிறாள், நான் நேராகத்தான் நிற்கிறேன். கட்டிடமும் சும்மா இல்லை, ஒரு பக்கம் இறங்கிவிட்டது. லிஃப்ட் ஏறி இறங்குகிற குழிச் சுவரில் இரண்டாம் மாடிக்கு நேரே விரல் நுழைகிற வெடிப்பு, வருஷா வருஷம் மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள், வருஷா வருஷம் அது சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்க்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிரேக் தேய ஆரம்பித்தது. கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு இப்ப பாகமே செய்யறதில்லம்மா, தினமும் பாத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க என்று சொல்லி, எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். அப்புறம் அவர் வரவே இல்லை. இரண்டாம் மாடியில் கைப்பிடியை விட்டால் லிஃப்ட் நான்கு விரல் வழுக்கி இறங்கித்தான் நிற்கும், அதனால் நான் தரைக்கு நான்கு விரல் மேலே போய் விடுவேன், அது இறங்கி வந்து மட்டமாக உட்காரும். ஆள் அதிகம் ஏறினால் ஐந்து விரல், மழைக்காலத்தில் இன்னும் ஒரு அரை விரல். இதையெல்லாம் நான் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும். லிஃப்டம்மா ஓட்டினா டம்ளர்ல தண்ணி தளும்பாது என்று டாக்டர்கள் சொல்வார்கள், எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இருபத்தைந்து வருஷம் முடிந்தபோது எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், லிஃப்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். எனக்கு வேண்டியது முதுகு சாய ஒரு நாற்காலி, அதற்கு வேண்டியது ஒரு பிரேக்.

போன மாதம் முழங்கால் வீங்கியதும் ஒரு வாரம் வேலைக்கே போகக்கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். வருஷத்துக்கு ஒரு நாள் நான் போகாவிட்டால் லிஃப்டைப் பூட்டி வைப்பார்கள், ஒரு வாரம் பூட்ட முடியுமா, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரை என் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். நீ இங்கிருந்து போன பிறகு வேலைக்கு வந்தவர் அவர், நாற்பத்தைந்து வயசு இருக்கும், என்னை அக்கா என்பார், எட்டு வருஷமாகத் தற்காலிகம். எட்டு வருஷம் ஓடிய ஸ்ட்ரெச்சரைப் பழசு என்று கழித்துக் கட்டுகிறார்கள், அதை எட்டு வருஷம் தள்ளியவரை மட்டும் இன்னும் புதுசு என்கிறார்கள், இது என்ன நியாயமோ. முதல் நாளே அறுவை சிகிச்சை முடிந்த ஒரு அம்மாவை இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இவர் சரியாகத் தரைக்கு நேரே கைப்பிடியை விட்டிருக்கிறார், யாராக இருந்தாலும் அப்படித்தான் விடுவார்கள். லிஃப்ட் நான்கு விரல் கீழே இறங்கி நின்றது, நர்ஸ் தள்ளிய வேகத்தில் முன்சக்கரம் தரை விளிம்பில் இடித்து ஸ்ட்ரெச்சர் சாய்ந்து, அந்த அம்மா விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது. பித்தப்பைக் கல்லுக்கு வந்தவர், கல் போய் இப்போது கையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். மறுநாளே ஸ்ட்ரெச்சர்காரரை இனி வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அனுபவம் இல்லாமல் ஓட்டியதுதான் காரணமாம். இருபத்தேழு வருஷமா ஒரு புகார்கூட வராத லிஃப்ட் என்று பராமரிப்பு மேற்பார்வையாளர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், பெண், என் வயசு இருக்கும், எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படிக்கிறவர். லிஃப்டைப் பூட்டிவிட்டு விசாரணையை நான்காம் மாடியில் வைத்த அறிவாளிகளை என்ன சொல்ல, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவர் முன்னால் என் லிஃப்ட் நோட்டுகள், பதினோரு வருஷத்து நோட்டுகள், அடுக்கி இருந்தன. தேதி, கதவு, விளக்கு, மட்டம், கையெழுத்து என்று கட்டம் போட்டது, தினமும் காலையில் நான் நிரப்புவேன். புரட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்து மேற்பார்வையாளரைப் பார்த்து, மட்டம் இல்லை, மட்டம் இல்லைன்னு தினமும் எழுதியிருக்காங்களே, பதினோரு வருஷமா எழுதியிருக்காங்க, மாசா மாசம் கீழே உங்க கையெழுத்தும் இருக்கு, அப்புறம் புகாரே இல்லன்னு எப்படிச் சொல்றீங்க என்று கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் முகத்திலும்தான். ஏனென்றால், சிரிக்காதே, நான் எழுதியது லிஃப்டைப் பற்றி இல்லை. நோட்டு முதன்முதலில் வந்தபோது மட்டம் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு, வேலைக்கு மட்டம் போட்டேனா என்று கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு உன் மாமா வாங்கிய அடியைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மட்டம் என்றால் வேறென்ன தோன்றும்? லிஃப்ட் தரையோடு மட்டமாக நிற்கிறதா என்று கேட்கிற கட்டத்தில், நான் லீவு போடவில்லை என்ற பெருமையோடு இல்லை இல்லை என்று அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அனுபவக்காரி கேட்பாளா? வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னால், வாளி நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

அன்று சாயங்காலமே மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்துவிட்டார், கையில் ஒரு பழைய நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன், மட்டம் ஒரு நாள், காய்ச்சல் என்று. லிஃப்டுக்குக் காய்ச்சல் வராதேம்மா என்றார். நீங்க லீவைத்தானே எழுதுனீங்க, அதை நாளன்னைக்கு வந்து சொல்லிடுங்க, பொய்யா சொல்லச் சொல்றேன், உண்மையைத்தானே கேக்கறேன், ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம், நிம்மதியா முடிச்சிட்டுப் போக வேண்டாமா என்றார். அவர் போன பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் நோட்டில் புகாரே இல்லை என்று ஆகிவிடும், பழி மறுபடி ஸ்ட்ரெச்சர்காரர் தலையில் விடியும். சொல்லாமல் விட்டால் நான் பதினோரு வருஷம் எச்சரித்த புண்ணியவதி. பேசாம வாயை மூடிக்கிட்டு இரு, லிஃப்ட் மட்டமா நிக்கலங்கறது நிஜம்தானே, எழுதியிருக்கறது சரிதானே என்றார் உன் அப்பா. எப்படிப் பார்த்தாலும் அதுவும் சரிதான். இரண்டு நாள் அடுப்பில் வைத்ததெல்லாம் அடிப்பிடித்தது. மெக்கானிக்கைத் திட்டினேன், பெயிண்ட் அடித்தவர்களைத் திட்டினேன், மேற்பார்வையாளரைத் திட்டினேன், கடைசியில் கோபம் சுற்றிச் சுற்றி என்மேலேயே வந்து நின்றது. எனக்குத் தெரியுமே, நான் ஏன் ஒரு நாளும் வாயைத் திறந்து சொல்லவில்லை? சொல்லியிருந்தால் லிஃப்டை மாற்றியிருப்பார்கள், பொத்தான் வைத்த லிஃப்டுக்கு லிஃப்டம்மா எதற்கு என்று என்னையும் அனுப்பியிருப்பார்கள், அந்தப் பயம் பாதி. மீதிப் பாதி அதைவிடக் கேவலம். நான் இல்லாவிட்டால் இது ஓடாது என்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. என் கைப்பழக்கம் முற்ற முற்ற அந்தப் பிரேக் தேய்ந்தது யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தது ஓட்டைக்கு மேல் அடிக்கிற சுண்ணாம்பு.

மூன்றாம் நாள் மறுபடி நான்கு மாடி ஏறினேன். மட்டம்னு நீங்க எழுதுனதுக்கு என்ன அர்த்தம் என்று அதிகாரி கேட்டதும், நான் லீவு போடலைன்னு எழுதுனேம்மா என்று சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார், கதவோரம் நின்ற ஸ்ட்ரெச்சர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் நிறுத்தவில்லை. ஆனா லிஃப்ட் மட்டமா நிக்காதுங்கறது எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியும், கையால சரிக்கட்டிச் சரிக்கட்டி ஓட்டினேன், ஒருத்தர்கிட்டயும் சொல்லல, இவர் ஒரு தப்பும் பண்ணல, எது சரியோ அதைத்தான் பண்ணினார் என்றேன். வெட்கமாகக்கூட இருந்தது. அதிகாரி வெகுநேரம் எழுதினார். அப்புறம் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பி, அவங்க எதை நினைச்சு எழுதினாங்கங்கறது இருக்கட்டும், நீங்க எதைப் படிச்சிட்டு நூத்திமுப்பது கையெழுத்துப் போட்டீங்க என்று கேட்டார். அதைத்தான் இன்றுவரை அவரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சர்காரரை மறுநாளே வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள், தற்காலிகமாகத்தான். லிஃப்டை இனி ஓட்டக்கூடாது என்று பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், மீதி மாதங்களுக்கு வாசலில் பார்வையாளர் சீட்டு எழுதுகிற மேஜை.

அந்த மேஜைக்கு நேற்று ஸ்ட்ரெச்சர்காரர் வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து, அட அதெல்லாம் எதுக்குப்பா என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன், உன்னிடம் மறைப்பானேன். அவர் நின்றார், சீட்டுக் கட்டைப் பார்த்துக்கொண்டே, லீவுக்கு முந்தின நாள் சாவியை என் கையில கொடுத்துட்டுப் போனீங்களேக்கா, அப்பவே என்னைப் பக்கத்துல நிக்க வெச்சு ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டியிருந்தா அந்தம்மா விழுந்திருக்க மாட்டாங்க இல்ல என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார், பதிலுக்குக் காத்துக்கூட நிற்கவில்லை, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு அந்த அம்மாவைப் பார்க்க இரண்டாம் மாடிக்குப் படியேறப் போகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் போனில் நீ, நான் ஒரு நாள் லீவு போட்டா இங்க பேக்கிங் மெஷினே நின்னுடும்மா, என் கைக்கு மட்டும்தான் அது அடங்கும் என்று சொன்னாய். என் பொண்ணாச்சே என்று நானும் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த மெஷினில் உன் கை எதைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கிறது என்று பார். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அதைக் காட்டிக் கொடு, மேலே இருக்கிறவர்களிடம் அந்த மெஷினையே காட்டிக்கொடு. உனக்குக் கெட்ட பெயர் வந்தால் வரட்டும்.

உன் கைகால் நோகாமல், வீட்டில் சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துபோய், மூவரும் நன்றாக இருக்க வேண்டும். சின்னவளுக்கு என் முத்தம். அப்பாவிடம் பேசும்போது கண்ணாடியை ஞாபகப்படுத்து, நான் சொன்னேன் என்று சொல்லாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்ய வேண்டாம், முதலில் பக்கத்தில் நிற்கிறவளைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா