பெயரை மடித்த தாள்

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, நான் விடைத்தாள் திருத்துவதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? "ஏன்க்கா, பேர் எழுதின மூலையை மட்டும் மடிச்சுக் குத்தி வைக்கிறே?"

பெயர் தெரிந்தால், கெட்டிக்காரப் பிள்ளையின் தப்பு 'அவசரத்தில் வந்தது' என்று தோன்றும். மக்குப் பிள்ளையின் சரியான விடையோ 'பக்கத்தில் பார்த்து எழுதியது' என்று தோன்றும். அதனால்தான் மடித்தேன். முப்பத்து நான்கு வருஷம் மடித்தவள், போன வாரம் மறந்துவிட்டேன்.

போன வருஷம் நீ வேன் ஓட்டும் பள்ளிக்கூடத்தின் இன்னொரு ஓட்டுநர், அந்தச் சொட்டைத் தலையர், வாசல் தூணில் வண்டியை உரசினார். "அந்த ஆளை முதல்ல நிறுத்தச் சொல்லு, பிள்ளைங்க உயிர்டா!" என்று போனில் குதித்தேன். போன வாரம் உன் வேனில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதே தூணில் நீ உரசினாய். இறங்கி வாட்ச்மேனிடம் என்ன கேட்டேன்? "யாருப்பா தூணை இவ்வளவு தள்ளிக் கட்டினது?"

டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிடு தம்பி. போனில் சொன்னால் பேச்சை மாற்றுவாய், அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. மகன் பேசி மூன்று மாதம் ஆகிறது. பாவம், வேலை நெருக்கடி. மருமகள் மாதம் ஒருமுறைதான் பேசுகிறாள். கையில் போன் இருக்கிறது, மனசுதான் இல்லை.

அன்புடன்,
அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். ரிட்டயர் ஆகியும் சிவப்புப் பேனாவை நீ மூடி வைக்கவில்லை போலிருக்கிறது.

அன்றைக்குத் தூறல். போன மாதம் தெருமுனைக் கம்பத்தில் பட்டதற்குக் காரணம் பிள்ளைகள் போட்ட கூச்சல். அதற்கு முன்னால் தண்ணீர் லாரி, அவன் ஒதுங்கவே இல்லை. சொட்டையன் கதை வேறு, அவனுக்கு ஓட்டவே வராது. நான் நேற்றுகூடப் பேப்பரில் பொடி எழுத்தெல்லாம் படித்தேன்.

இருபத்தாறு வருஷம் ஓட்டியாகிவிட்டது. வண்டியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன் என்று யோசித்தாயா?

தம்பி

ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

யோசித்தேன். அதை நினைத்துத்தான் நானும் தூணைத் திட்டியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது ஒரு உரசல். நீ மூன்று எழுதியிருக்கிறாய். மூன்று காரணமும் உண்மையாகவே இருக்கலாம். ஒரே கணக்கை மூன்று தடவை தப்பாகப் போட்ட ஒரு பிள்ளை என்னிடம் ஒருநாள் தலைவலி என்பான், ஒருநாள் பேனா சரியில்லை என்பான், ஒருநாள் பக்கத்துப் பையன் இடித்தான் என்பான். தப்பு மட்டும் எப்போதும் அதே வரியில் இருக்கும்.

ஒரு தாளில் மூன்றையும் எழுது. தேதி, இடம், வண்டியின் எந்தப் பக்கம். காரணம் வேண்டாம், 'ஒரு ஓட்டுநர்' என்று மட்டும் போடு. உன் வீட்டுக்காரியிடம் படிக்கக் கொடு. இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். கோபத்தில் சாப்பிடாமல் படுக்காதே.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வாரம் வீம்பாக இருந்துவிட்டு எழுதினேன். 'எந்தப் பக்கம்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. இடது, இடது, இடது.

"ஸ்கூல்ல ஒரு புகார் வந்திருக்கு, என்ன பண்ணலாம் சொல்லு" என்று தாளை வீட்டுக்காரியிடம் நீட்டினேன். படித்தாள். "யாருங்க இந்த ஆளு? பெரிசா ஏதாவது ஆகறதுக்குள்ள சாவியை வாங்கி வைங்க."

"வாங்கியாச்சு" என்று சாவியை மேஜையில் வைத்தேன். சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலையில் சாவியைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறதாம். பொடி எழுத்தைப் படித்ததெல்லாம் வலது கண். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். அப்புறம் ஓட்டலாமா கூடாதா என்பதை டாக்டர் சொல்வார். இப்போது என் வண்டியைச் சொட்டையன்தான் ஓட்டுகிறான். முதல் நாள் அவன் திரும்பி வந்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், உன்னிடம் சொல்வதற்கென்ன.

உன் முதல் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பத்தியில் 'மகன்', 'மருமகள்' என்ற இரண்டு சொல்லின் மீதும் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதைப் பிரிக்காமல் ஒருமுறை படி.

தம்பி