ஹீட்டருக்குப் போர்த்திய போர்வை

ஜனவரி 9, வெள்ளி

குளத்து நீர் 81 டிகிரி ஃபாரன்ஹீட். லெனோரின் முழங்கால் 72 டிகிரி. இரண்டும் போதாது.

என் மனைவிக்குச் செயற்கை மூட்டு பொருத்தி ஐந்து வாரங்கள் ஆகின்றன. பிப்ரவரி 19 அன்று பரிசோதனை. அதற்குள் கால் தொண்ணூறு டிகிரியாவது மடங்காவிட்டால், மயக்க மருந்து கொடுத்துத் தாமே மடக்கப்போவதாக மருத்துவர் கூறியிருக்கிறார். அவர் அதைச் சொன்னபோது லெனோர் என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. மாற்று ஒன்றுதான்: 88 டிகிரி வெதுவெதுப்பான நீரில் நாள்தோறும் நாற்பது நிமிடப் பயிற்சி.

எங்கள் குடியிருப்பின் பொது நீச்சல் குளத்தை விட்டால் வேறு வழியில்லை. அதன் எரிவாயு ஹீட்டருக்குப் பொறுப்பாளன் நான். தன்னார்வலர் வேண்டுமென்று சங்கக் கூட்டத்தில் கேட்ட நேரத்தில் இருமிவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

வெப்பநிலைத் திருகு 104-இல் நிற்கிறது. மனிதனுக்கு அது கடும் காய்ச்சல்.

திருகியவர் சங்கத் தலைவி வெர்னா. எழுபத்தொரு வயது. ஒளிவுமறைவே இல்லாமல் ஒப்புக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள சூடாகட்டும்னு கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சேன் கண்ணு. லெனோருக்காகத்தான்!"

திருகை எவ்வளவு ஏற்றினாலும் நீர் அதே வேகத்தில்தான் சூடாகும். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்லும் என்று விளக்கினேன். இருபத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பொறுமையுடன் விளக்கினேன். அவர் என் கையில் எலுமிச்சைக் கேக் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 13, செவ்வாய்

குளத்துக் கதவில் அறிவிப்பு ஒட்டினேன். பதினொரு விதிகள். பம்ப் ஓடாமல் ஹீட்டரைப் போடக்கூடாது, ஹீட்டரை நிறுத்திய பின் பம்ப் கால்மணி நேரம் ஓட வேண்டும், இன்ன பிற.

ஜனவரி 14, புதன்

அறிவிப்புக்கு யாரோ பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் சிரிக்கும் கள்ளிச்செடிப் படங்கள். யாரோ என்ன யாரோ, வெர்னாதான்!

லெனோர் வயிறு வலிக்கச் சிரித்தாள். "ஆல்டன், உன் கோபத்துல சூடே கிடையாது. எல்லாம் ஐஸு. அதான் குளம் சூடாகவே மாட்டேங்குது."

ஜனவரி 20, செவ்வாய்

நீர் 88. முழங்கால் 83! கேக் நன்றாகத்தான் இருந்தது என்பதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

ஜனவரி 24, சனி

எழுதக் கை வரவில்லை. ஆயினும் வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று உறைபனி எச்சரிக்கை. எங்கள் டூசான் நகரம் முழுவதும் வழக்கம்போலப் பழைய போர்வைகளை எடுத்து எலுமிச்சை மரங்களுக்கும் காகிதப்பூச் செடிகளுக்கும் போர்த்தியது. காலையில் தெருவெங்கும் வெள்ளைப் பேய்கள் வரிசையில் நின்றன. குளத்தருகே ஒரு பேய் கூடுதலாக நின்றது. பூப்போட்டது. நடுவில் கருகிய ஓட்டையுடன்.

ஹீட்டருக்கு அல்லவா போர்த்தியிருக்கிறார்கள்! புகை வெளியேறும் வாயின் மீது, நெருப்பு எரியும் பெட்டியின் மீது, போர்வை. உள்ளிருக்கும் பாதுகாப்பு ஃபியூஸ் சூடு மிஞ்சி உருகி ஹீட்டரைத் தானே அணைத்திருக்கிறது. அது மட்டும் இல்லாதிருந்தால்?

எரிவாயுக் குழாயை மூடினேன். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். முழந்தாளிட்டு, தரை வரைக்கும் மோப்பம் பிடித்தேன். வாயு நாற்றம் இல்லை. அந்தக் கோலத்தில்தான் வெர்னா என்னைக் கண்டார்.

"அய்யய்யோ, கண்ணு! குழாய் உறைஞ்சிடுமேன்னு நான்தான் போத்திவிட்டேன். என் நல்ல போர்வை, தெரியுமா!"

கருகிய போர்வையை நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தேன். பேசியிருந்தால் இலக்கணப் பிழை வந்திருக்கும்.

ஜனவரி 26, திங்கள்

பழுது பார்ப்பவர் எஃப்ராயின் வந்தார். பெட்டியைத் திறந்து, கரியைப் பார்த்து, நெடுநேரம் தோள் குலுங்க நின்றார். அழுகிறார் என்று எண்ணினேன்.

"ப்ரொஃபசர், பத்தொம்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். பாம்பு பாத்திருக்கேன், தேள் பாத்திருக்கேன். இதுக்குக் குளிருமேன்னு போர்வை போத்தினவங்கள இப்பதான் பாக்கறேன்."

உதிரிப்பாகம் வர இன்னும் இரண்டு நாள். நீர் 59. முழங்கால் 79-க்கு இறங்கிவிட்டது. லெனோர் சிரிக்கவில்லை. "திரும்ப அந்த மயக்க ஊசி வேணாம், ஆல்டன்" என்றாள், அவ்வளவுதான்.

வெர்னாவைத் தலைமையிலிருந்து நீக்கக் கோரும் தீர்மானத்தை எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

பகலில் ஹீட்டர் சரியானது. மாலையில் சங்கக் கூட்டம். என் கையில் ஏழு பக்கம், மூன்று பின்னிணைப்புகள்.

நான் எழுவதற்குள் வெர்னா எழுந்துவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க. ஹீட்டருக்குப் போர்வை போத்தினது நான். குளத்தையே கொளுத்தியிருப்பேன். லெனோருக்கு நாலு நாள் பயிற்சி போச்சு, அதுவும் என்னாலதான். எனக்கு அந்த மெஷினப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. ஆல்டன், நீ எனக்குச் சொல்லிக் குடு. இல்லேன்னா இப்பவே குளத்துச் சாவிய வாங்கிட்டு என்னை அனுப்பிடு."

கைதட்டினார்கள். லெனோரும் தட்டினாள், ஊன்றுகோலால் தரையில்!

குற்றவாளியே குற்றப்பத்திரிகையை வாசித்துவிட்டால் வழக்கறிஞர் என்ன செய்வது? சரி என்று தலையசைத்தேன். பின்னிணைப்புகள் நன்றாக வந்திருந்தன.

ஜனவரி 30, வெள்ளி

பாடம் தொடங்கினேன். ஆக்சிஜன், எரிதல், வெப்பக் கடத்தல். வெர்னா பாதியிலேயே கை தூக்கினார்.

"நில்லு நில்லு. நான் முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ. தினம் காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வருவோம். டயரு, விளக்கு, அடியில எண்ணெய் ஒழுகுதா, எல்லாம் தொட்டுப் பாத்து வாய்விட்டுச் சொல்லணும். இதுவும் அப்படித்தானே?"

அப்படித்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஹீட்டரை ஒரு சுற்று வந்தார், உரத்த குரலில். "மேல ஒண்ணும் மூடல! பக்கத்துல சருகு கிடக்கு, எடுத்தாச்சு! நாத்தம் இல்ல! பம்ப் ஓடுது, அழுத்தம் காட்டற முள்ளு சரி! இப்ப பத்த வெக்கலாம். தீ நீலம், மஞ்சள் இல்ல! இந்தக் குளோரின் வாளிய எந்த முட்டாள் ஹீட்டரை ஒட்டி வெச்சான்? இந்த ஆவி பட்டா இரும்பு அரிச்சுப் போகாதா?"

வாளியை அங்கே வைத்தவன் நான். அப்படி வைக்கக்கூடாது என்பது என் பதினொரு விதிகளில் ஏழாவது.

"அது... இடம் மாற்ற இருந்தேன்" என்றேன்.

"சரி கண்ணு" என்றார், நான் தாங்க முடியாத கனிவுடன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நீர் 88. முழங்கால் 89. அந்த ஒரு டிகிரி!

பிப்ரவரி 11, புதன்

இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறேன். ஹீட்டரைப் பற்றிய கவலையில் வெர்னாவைத் தொலைபேசியில் ஆறு முறை அழைத்தேன். ஏழாவது முறை லெனோர் எடுத்தாள். குளத்துக்குள்ளிருந்து!

"தண்ணி எத்தனை டிகிரின்னு கேக்காதே. நல்லா இருக்கு. நீ தூங்கு."

பிப்ரவரி 19, வியாழன்

மருத்துவர் அளவுகோலை வைத்தார். திரும்ப வைத்தார். 113.

லெனோர் கேட்டாள்: "அப்ப ஊசி வேணாமா?"

"எதுக்கும்மா ஊசி? நீங்க குளத்துல என்னதான் பண்றீங்க?"

"ஒரு பஸ் டிரைவர் திட்டிக்கிட்டே இருக்காங்க, நான் மடக்கிக்கிட்டே இருக்கேன்."

வண்டியில் திரும்பும்போது சிக்னல்தோறும் கண்களைத் துடைத்துக்கொண்டேன். மகரந்த ஒவ்வாமையாக இருக்கலாம்.

பிப்ரவரி 21, சனி

விழித்தபோது படுக்கையில் லெனோர் இல்லை. ஊன்றுகோல் கதவோரம் சாய்ந்திருந்தது. செருப்பு மாட்டாமல் ஓடினேன்.

குளத்தில் லெனோர், வெர்னா, இன்னும் ஐந்து பெண்கள். நீர் 88. பம்ப் ஓடுகிறது. தீ நீலம். ஹீட்டருக்குக் காற்று வரும் வழியில் ஒரு சருகும் இல்லை. குளோரின் வாளி வேலிக்கு அப்பால், மூடியுடன். நேரமும் அளவும் பலகையில் சாக்குக்கட்டியால், என்னுடையதைவிட நல்ல கையெழுத்தில்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. இருபது நிமிடம் குறை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து லெனோருக்கும் வெர்னாவுக்கும் காப்பி போட்டேன்.