பந்தியில் விட்ட இடம்

கோவில்பட்டி,
புதன்கிழமை காலை.

அன்புள்ள மகள் பியூலாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கவுகாத்தியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார்கள், கோயில் வேலையைப் பற்றியே பேசி முடிப்பார்கள், நான் பக்கத்தில் நின்று சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைப்பேன். சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

இங்கே மழை விழுந்துவிட்டது. விளாத்திகுளம் பக்கம் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டார்களாம், நம் தெருவில் இறங்கினால் கரிசல் செருப்போடு அப்பிக்கொண்டு காலைத் தூக்க முடியவில்லை. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்க்கிறேன், கவலைப்படாதே. படுக்கையறைச் சுவர் விரிசல் இந்தக் கோடையில் ஜன்னல்வரை வந்துவிட்டது. நம் சபைக் கோயில் கோபுரத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கரிசலை நம்பக் கூடாது என்று கெட்டித் தரை வரும்வரை பள்ளத்தின் ஓரத்திலேயே நின்றவர்கள் அப்பா, இந்தச் சுவரை இன்னும் பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நேரம் இல்லை, அவ்வளவுதான். தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது இனி இரண்டு பேரும் உட்கார்ந்து ஆறாத காப்பி குடிக்கலாம் என்று நினைத்தேன். சபைச் செயலாளர் ஆனதும் கமிட்டி, காண்ட்ராக்டர், குருவானவரின் சேகர ஆபீஸ் என்று பள்ளிக்கூடக் காலத்தைவிட அதிகமாக அலைகிறார்கள். எதிர்வீட்டில் ஆடு வளர்க்கும் அழகுத்தாய் போன வாரம், "டீச்சரம்மா, சார்வாளக் கண்ணுலயே காணல, சாமி வீட்டுக்கே குடித்தனம் போயிட்டாவளா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போன பிறகு வீடு சத்தமே இல்லாமல் கிடந்தது.

உனக்குச் சொல்லாத ஒன்று, நம் வீட்டுச் சாயங்கால ஜெபம் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ இருந்தபோது பாட்டு உனக்கு, வேத வாசிப்பு எனக்கு, ஜெபம் அப்பாவுக்கு. இப்போது நான் மட்டும் பாயை விரித்து உட்காருகிறேன். ஒற்றைக் குரலில் கீர்த்தனை பாதியில் நின்றுவிடுகிறது, அதனால் வாசித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

கோபுரப் பிரதிஷ்டை போட்டோ எல்லாம் பார்த்திருப்பாய், பேராயருக்கு அப்பா மாலை போடுவது நன்றாக விழுந்திருந்தது. போட்டோவில் இல்லாததைச் சொல்கிறேன். அன்றைக்கு நற்கருணை ஆராதனை. நம் சபையில் குடும்பமாகத்தானே பீடத்துக்கு முன்னால் பந்திக்குப் போவது, நானும் அப்பாவும் வேறு வேறு பந்தியில் முழங்காலில் நின்றதே இல்லை. அன்றும் அப்பாவுக்கு இடம் விட்டுத்தான் நின்றேன். அப்பா வெளியே, மத்தியானத்து அசன விருந்துக்குச் சோறு வெந்ததா, பேராயர் காரைத் திருப்ப வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் நின்ற பொன்மணி அக்கா, நெருங்கி வாங்க டீச்சர், இடம் சும்மாதான கெடக்கு என்றார்கள். நெருங்கிக்கொண்டேன். அப்பமும் ரசமும் வாங்கிவிட்டு எழுந்து வரும்போது கால் வலித்ததா மனசு வலித்ததா என்று தெரியவில்லை.

அசனம் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார்கள், சட்டையெல்லாம் சாம்பார். நற்கருணை எடுக்கவில்லையே என்று மெதுவாகத்தான் கேட்டேன். "நான் வெளிய நிக்கலன்னா இன்னைக்கு உள்ள ஆராதனையே நடந்திருக்காது" என்றார்கள். "நீங்க இல்லாமத்தான் உள்ள நடந்துச்சு" என்றேன். பிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது.

போன வியாழக்கிழமை மழையில் கமிட்டி கூடவில்லை. ஜெபம் பண்ணுவோமா என்று அப்பாவே கேட்டார்கள். பாடினோம், வாசித்தேன், அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்கள். கோபுரம் முடிந்ததற்கு ஸ்தோத்திரம், மைக் செட் பழுதாகாததற்கு ஸ்தோத்திரம், காண்ட்ராக்டரை ஆசீர்வதியும், அடுத்துக் கட்டப்போகும் சபை மண்டபத்துக்கு பிளான் அனுமதி கிடைக்கப் பண்ணும் என்று போய்க்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. கண்ணைத் திறந்து, "ஏட்டி, இது ஆண்டறிக்கை மாதிரில்லா இருக்கு" என்றார்கள். நான் வேதப் புத்தகத்தை மூடி வைத்தேன். "அவர்கிட்ட பேசுததுக்கு எனக்கு ஒண்ணும் வரல" என்றார்கள். ஆமென் சொல்லவும் தோன்றாமல் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். தனியாக இருப்பது நான்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவ்வளவு கூட்டத்துக்குள் நின்றுகொண்டு அப்பா என்னைவிடத் தனியாக இருந்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் சபைத் தேர்தல். அப்பா மறுபடியும் செயலாளருக்கு நிற்க வேண்டும், அண்ணாச்சி இல்லாமல் மண்டபம் எழும்பாது என்று பொருளாளர் பாண்டியராஜன் வந்து உட்கார்ந்துகொண்டார். பியூலாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அப்பா அனுப்பிவிட்டார்கள். நீ நிற்கச் சொன்னால் நிற்காமல் இருக்க மாட்டார்கள், அது உனக்கே தெரியும். வேண்டாம் என்று என்னாலும் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் அது என் தனிமைக்காக விட்டதாகத்தான் ஆகும், நாளைக்கே வேறு ஒரு வேலை வந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். மண்டபம் கட்டுவதும் தப்பான காரியம் இல்லை. ஆனால் யாருக்காகக் கட்டுகிறோமோ அவரோடு பேச்சு நின்றுபோன வீட்டிலிருந்து போய்க் கட்ட வேண்டாம் என்றுதான் எனக்கு இருக்கிறது. அதனால் அப்பா கேட்கும்போது நில்லுங்கள் என்றும் சொல்லாதே, விடுங்கள் என்றும் சொல்லாதே. எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கப்பா என்று மட்டும் கேள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் உங்கள் கூடவே நடப்பாராக. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஒன்றை மறந்துவிடாதே, நீ ஜெபம் கேட்டதும் போனில் சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, ஹலோ ஹலோ என்று கூப்பிடாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் அப்படியே இரு.

உன் அன்பு அம்மா,
சுகிர்தம்