படுக்க மறுத்தவளுக்கு

என் பிடிவாதக்காரிக்கு,

தொண்டையில் வைத்திருந்த குழாயை நேற்றுதான் எடுத்தார்கள். பயப்படாதே, பிழைத்துக்கொண்டேன். ஐந்து வயதில் உனக்கு வந்த அதே குரல்வளை மூடி வீக்கம். பெரியவர்களுக்கும் வருமாம்.

அப்பாவின் தையல் கடை முக்காலியில், முழங்காலில் கையை ஊன்றி, மோவாயை நீட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எச்சிலை விழுங்க முடியாமல் சட்டையெல்லாம் ஈரம். "பல்லு முளைக்குதா பாப்பாவுக்கு?" என்று கேலி செய்தவன் நான்தான். தொண்டையைப் பார்க்க அம்மா கரண்டியோடு வந்தாள். நீ வாயைத் திறக்கவில்லை. படுக்க வைத்தால் திமிறி எழுந்தாய்.

"விடு, உக்காந்தபடியே தூக்கிட்டுப் போறேன்" என்றார் அப்பா. படுக்க வைத்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

போன வாரம் அதே முக்காலியில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். "கொஞ்ச நேரம் படுங்களேன்" என்று உன் அண்ணி கெஞ்சினாள். குரல் வரவில்லை. வெட்டிப்போட்ட துணியில் சாக்கட்டியால் 'தங்கச்சி மாதிரி' என்று எழுதிக் காட்டினேன். உன் கதையை அவள் நூறு தடவை கேட்டவள். உட்கார்ந்தபடியே என்னைக் கொண்டுபோனார்கள்.

அப்பாவின் தையல் மெஷின் யாருக்கு என்று நாம் போட்ட தகராறைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை.

பத்து நாளைக்கு நான் வாயைத் திறக்கக் கூடாதாம். நாலு வருஷமாக என்னைத் திட்டச் சேர்த்து வைத்திருப்பதையெல்லாம் வந்து திட்டித் தீர்த்துக்கொள். குறுக்கே பேச மாட்டேன்.

வரும்போது ஒரு வண்டி பிடித்து வா. அப்பாவின் மெஷின் நல்ல கனம்.

உன் அண்ணன்