நட்சத்திரக் குறிகளில் ஓடிய ஆறு

இன்று காலை கொலுப் பெட்டியைத் திறந்தேன். நாப்தலீன் உருண்டையின் நெடிக்கு அடியிலிருந்து பிரின்டர் ரிப்பனின் மை வாசனை வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு மை எப்படி மணக்கும் என்று நீங்கள் வாதாடியிருப்பீர்கள். மணந்தது. செட்டியார் பொம்மையைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தேன். பச்சைப் பட்டை போட்ட அகலத் தாள், இரண்டு ஓரமும் ஓட்டை வரிசை. நடுவில் மேலிருந்து கீழாக நட்சத்திரக் குறிகள் வலப்பக்கம் போய், இடப்பக்கம் திரும்பி, மறுபடி வலப்பக்கம் போய் வளைந்து வளைந்து இறங்கின. ஹூக்ளி ஆறு. நீங்களும் நானும் சேர்ந்து அச்சடித்த ஆறு.

செட்டியாரை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். படி கட்டக் கொண்டுவந்த பலகைகள் சுவரில் சாய்ந்தபடி கிடக்கின்றன. சுண்டலுக்கு லேக் மார்க்கெட்டிலிருந்து வரவேண்டிய கடலையும் இன்னும் வரவில்லை. வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்காரும் பெண்களை எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. அதைக் கண்டு விஞ்ஞானிகள் எல்லாருக்கும் பெருமை. ஆனால் ஒருவருக்கும் டைப் அடிக்கத் தெரியாது. இரண்டு விரலால் கொத்துவீர்கள், கோழி மாதிரி. ஆபரேட்டர் வேலைக்கு ஆள் தேவை என்று அறிவித்ததும் நான் விண்ணப்பம் போட்டேன். பாளையங்கோட்டை கான்வென்டில் டைப்ரைட்டிங் கற்றவள். விசையைப் பார்த்து அடித்தால் சிஸ்டர் எங்கள் கைமேல் துணியைப் போட்டு மூடிவிடுவார். உங்களுக்குத்தான் கலக்கம்.

"ஏட்டி, ஒரே ஆபீஸ்ல புருஷனும் பொண்டாட்டியுமா? வீட்டுல நான் வாங்குற ஏச்சு பத்தாதா?"

"ஆபீஸ்ல ஏட்டின்னு கூப்பிட்டா எனக்குக் காது கேக்காது. இப்பமே சொல்லுதேன்."

மறுநாளிலிருந்து ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் "மேடம்" என்று குனிந்து கும்பிடு போட்டீர்கள். பிரிவுத் தலைவர் சான்யால்தா, அதாவது சான்யால் அண்ணா, அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தவித்தார். என்னை அவர் பௌதி என்பார், அண்ணி என்கிற உரிமையோடு. ஆனாலும் வேலை வேறு, உரிமை வேறு என்று நினைக்கிற மனிதர். ஆறு மாதம் பார்ப்போம், பிழையில்லாமல் அடித்தால் நிரந்தரம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கம்ப்யூட்டர் அறைக்குள் கோயிலுக்குப் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். தொட்டால் திறக்கும் படங்கள் எல்லாம் அப்போது ஏது? கறுப்புத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கிக்கொண்டு, என்ன வேண்டும், அடித்துச் சொல் என்று காத்திருக்கும். நீங்கள் ஃபோர்ட்ரான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதித் தந்த ப்ரோகிராமை நான் அடிப்பேன். பிறகு ஒற்றை வரிக் கட்டளை. கம்பைலர் அதைப் படித்து எந்திரத்தின் பாஷைக்கு மாற்றும். பிடிக்காவிட்டால் பிழைகளை வரிசையாகத் துப்பும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து.

என் முதல் ப்ரோகிராமில் ஏறக்குறைய எல்லா வரியும் பிழை என்றது கம்பைலர். திரையில் பிழை ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தீர்கள்.

"மேடம், ஒவ்வொரு வரிக்கும் முன்னால எவ்வளவு இடம் விட்டீங்க?"

"அஞ்சு. புதுப் பத்தின்னா அஞ்சு இடம் விடணும். அது கூடத் தெரியாதா?"

நீங்கள் நாற்காலியில் சரிந்து சிரித்தது இப்போதும் கேட்கிறது. ஃபோர்ட்ரானில் கட்டளை ஏழாவது இடத்தில் தொடங்கவேண்டும். ஆறாவதில் ஓர் எழுத்து இருந்தால் அது முந்தின வரியின் தொடர்ச்சி என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். ஐந்து இடம் விட்டு ஆறாவதில் தொடங்கிய என் கான்வென்ட் பத்திகளை எல்லாம் அது ஒரே வாலாக ஒட்டிப் பார்த்துத் திணறியிருக்கிறது. இன்றும் சொல்கிறேன், நான் விட்டது சரியான இடம்தான். எந்திரத்துக்குப் பத்தி தெரியவில்லை. ஆறு விட்டு அடித்தேன், மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து கம்பைலருக்கும் எனக்கும் நல்ல உறவு. ஒரு காற்புள்ளி குறைந்தாலும் விடாது, கெஞ்சினாலும் இளகாது. உங்களுக்கு அதனிடம் எரிச்சல் வரும். எனக்கு அது எங்கள் சிஸ்டர்.

பிழையில்லை என்று திரை சொன்னதும் நான் நிமிர்ந்து உட்காருவேன். நீங்கள் உடனே என் பெருமையில் ஊசி வைப்பீர்கள். "கம்பைலர் ஒத்துக்கிட்டாப் போதுமா? ஆறு ஒத்துக்கிடணுமே!"

கடலோடு சேர்ந்து தினமும் ஏறி வற்றும் ஆற்றின் நீர்மட்டம்தான் உங்கள் ஆராய்ச்சி. அக்கரையில், ஹவுரா பக்கத்துப் படித்துறை ஒன்றில் ஒரு நெடிய குழாய் நட்டிருந்தீர்கள். அடியில் உள்ள துளை வழியாக ஆற்றுநீர் உள்ளே வரும், உள்ளே ஒரு மிதவை ஏறி இறங்கும், மணிக்கு மணி அதன் உயரத்தைக் குறிப்பார்கள். பல வருஷத்து எண்களை நான் அடித்து ஏற்றினேன். உங்கள் ப்ரோகிராம் ஒவ்வொரு மணிக்கும் ஒரு நட்சத்திரம் வைத்தது. முதல் தாள் பிரின்டரிலிருந்து கடகடவென்று இறங்கியபோது, ஏற்றமும் வற்றமும் பாம்புபோல நெளிந்து வந்தபோது, அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். வெறும் எண்ணாக என் விரல்வழியே போனது ஆறாக வெளியே வந்தது. அந்தச் சந்தோஷம் வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகுதான் சான்யால்தா தாளில் விரலை வைத்தார். ஓர் இடத்தில் நட்சத்திரங்கள் நெளியவில்லை. தூக்குக்குண்டு கட்டி இறக்கினதுபோல் நேர்கோடாக நின்றன. ஒரே எண், மணிக்கு மணி, சில நாளைக்கு. அடுத்த வருஷத் தாளிலும் ஒரு நேர்கோடு. அதற்கடுத்ததிலும்.

"பௌதி, கோவிச்சுக்காதீங்க. ஹூக்ளி நின்னு நான் பாத்ததில்லை. உங்க விரல்தான் தூங்கியிருக்கு. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடிச்சிருக்கீங்க."

எடுத்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. மூலத் தாள்கள் கீழ்த்தளத்தில் இருந்தன. அந்த வருஷ மழையில் தண்ணீர் புகுந்து எல்லாம் கூழாகிப் போயிருந்தன. துர்க்கா பூஜா விடுமுறை முடிந்ததும் என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று அவர் முடிவெழுத வேண்டும். நான் அடித்தது சரி என்பதற்கு என் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

டிராமில் வரும்போது நான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். "நீ அடிச்சது தப்பா இருக்காதுட்டி" என்றீர்கள் மெதுவாக. "ஆனா நான் சொன்னா பொண்டாட்டிக்கு வக்காலத்தும்பாரு சான்யால்."

"உங்க வக்காலத்து யாருக்கு வேணும்?" என்றேன். வேண்டியிருந்தது. அதைச் சொல்வேனா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கொலுப்படி கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் தாள்களைத் தரையில் பரப்பி வைத்து, ஒவ்வொரு நேர்கோடும் தொடங்கும் தேதியை உரக்கப் படித்தீர்கள். ஒரு வருஷம் செப்டம்பர் கடைசி, மறு வருஷம் அக்டோபர் நடு, அதற்கடுத்த வருஷம் சற்று முன்னால்.

"நல்லா இருக்கு!" என்றேன் ஏணிமேல் நின்றபடி. "என் விரலு நாள் கிழமை பாத்தாக்கும் தூங்குது!"

சொன்ன மாத்திரத்தில் கையிலிருந்த பொம்மையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த செப்டம்பர் கடைசியில் பூஜா மழையில் நனைந்தது. கரியாஹாட்டில் வாங்கிய என் மஞ்சள் சேலை பந்தலுக்குப் போய் வருவதற்குள் சாயம் போயிற்று. அக்டோபர் நடுவில் வந்த வருஷம்தான் கொலு முடிந்து பொம்மைகளை எடுத்துவைத்த மறுநாள் உங்கள் தங்கை ஊரிலிருந்து வந்தாள்.

"எல்லாம் விஜயதசமிங்க! தேதி மாறுது, நாள் மாறல. தசமி சாயந்திரத்துலருந்துதான் கோடு நேராகுது. அன்னைக்கு ஆத்துல என்ன நடக்கும்? துர்க்கையக் கரைப்பாங்கல்லா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பந்தல் மேளக்காரன் மாதிரி ஆடினீர்கள். கீழ்வீட்டுப் பெரியம்மா, நம் மாஷிமா, பூகம்பமா என்று கேட்டு மேலே வந்துவிட்டார். "இல்ல மாஷிமா, துர்க்கைதான்!" என்றீர்கள் வங்காளத்தில். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வருஷ தசமிக்கு மறுநாள் காலை மூவரும் படகில் அக்கரைக்குப் போனோம். சான்யால்தா வேட்டி கசங்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்; நம்பவில்லை. ஆறு முழுக்கச் செவ்வந்தி மிதந்தது. படித்துறையில் மண் கரைந்த சிலைகளின் மூங்கில் சட்டங்கள் சாய்ந்து கிடந்தன. நீர் ஏறுகிற நேரம். தண்ணீர் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மிதவை அசையாமல் இருந்தது.

நீங்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கித் தோள்வரை கையை விட்டுக் குழாயின் அடித்துளையைத் துழாவினீர்கள். சிலைக்குள் வைத்துக் கட்டும் வைக்கோல் ஈரமாகக் கொத்துக் கொத்தாக வந்தது. கடைசியில் தேவியின் சணல் கூந்தல், நீளமாக, ஜரிகையோடு. அது வந்ததும் குழாய்க்குள் களக் என்று ஒரு சத்தம். மிதவை துள்ளி மேலே ஏறியது.

"ஆறு ஒத்துக்கிட்டுது, மேடம்!" என்று கூவினீர்கள், அந்தக் கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

சான்யால்தா மிதவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைகூப்பி, "ஷுபோ பிஜோயா, பௌதி" என்றார். தசமி கழிந்தால் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற வாழ்த்துதான். ஆனால் இளையவர்தான் முதலில் சொல்வது வழக்கம்; என்னைவிட மூத்தவர் முந்திக்கொண்டு சொன்னார். அதற்குமேல் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலை ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்போடு வீட்டுக்கு வந்து, முறுக்கு டப்பாவைக் காலி செய்துவிட்டு, "நிரந்தரம்னு நாளைக்கே எழுதிடறேன்" என்று சொல்லிப் போனார்.

நேர்கோடு விழுந்த இடங்களை வெறுமையாக விட, ப்ரோகிராமில் ஒரு புதுப் பகுதி எழுதினீர்கள். நான் அடித்தேன், ஆறு இடம் விட்டு. ஒரு பிழையும் இல்லாமல் முதல் தடவையே ஓடியது. நடுவில் நேர்கோடு விழுந்த பழைய தாள்களைக் குப்பையில் போடப் போனீர்கள், நான் பிடுங்கிக்கொண்டேன். பொம்மைக்குச் சுற்ற நல்ல கனமான தாள்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உங்கள் தலைமாட்டில் ஒரு சிறிய திரை இருந்தது. பச்சை வெளிச்சம் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலையில் அது நேர்கோடானது. நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுவேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு அந்தப் படித்துறைதான் கண்முன் வந்தது. குழாயில் மிதவை அசையாமல் நின்ற நேரத்திலும் வெளியே ஆறு படியேறிக்கொண்டுதானே இருந்தது?

கடலை வந்துவிட்டது, கீழே பையன் குரல் கொடுக்கிறான். படி கட்டிச் செட்டியாரைக் கீழ்ப்படியில் வைக்கவேண்டும். தாளை நீவி மடித்து வைத்திருக்கிறேன். கொலு முடிந்ததும் மறுபடி அதிலேயே சுற்றுவேன், நட்சத்திரங்கள் உள்பக்கமாக இருக்கும்படி.