முழு விருப்பத்துடன்

மே 4, ஞாயிறு

காலையிலிருந்து புழுதிக்காற்று. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்தும் நோட்டெல்லாம் மணல். வளைகுடா நாட்டில் நாங்கள் இருக்கும் அப்பாசியா முழுக்க டீ நிறம்.

இங்கே வெள்ளி, சனிதான் லீவு, ஞாயிறு பள்ளி. சமூக அறிவியல் மிஸ் கண்காட்சிக்குத் தலைப்பு கொடுத்துவிட்டார். எனக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861 முதல் 1865 வரை. நான்கு சார்ட். அடுத்த திங்கள் மாட்ட வேண்டும். பக்கத்து பெஞ்ச் ரியாவுக்கு எரிமலை. "உனக்குப் போர்தான் கரெக்ட். மூஞ்சிய எப்பவும் அப்படித்தான வச்சிருக்க" என்றாள். கழுதை.

தேவை: நீல போஸ்டர் கலர் (வடக்கு), சாம்பல் (தெற்கு), ஸ்கெட்ச் பேனா, பசை.

பசை வாங்க வேண்டாம். லெட்சுமி அக்கா மைதாவைக் காய்ச்சித் தந்தாள். சார்ட்டையும் வெட்டினாள், கோணாமல். எங்கள் வீட்டு வேலைக்கு ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இரண்டு வருடம் இரண்டு மாதம். ஒப்பந்தம் இரண்டே வருடம். அம்மா ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போனால் சின்னுவைப் பார்க்க வேறு ஆளில்லை. என் தங்கைக்கு இப்போதுதான் இரண்டு வயது. அதனால் அக்காவின் ஊர்ப்பயணம் "அடுத்த மாசம், அடுத்த மாசம்."

மதியம் அக்கா போனில் அழுதாள். அவள் மகளுக்கும் என் வயது. நம் பத்தாம் வகுப்பு மாதிரி அவர்கள் ஊர் ஓ.எல். பரீட்சை, அதை எழுதப் போவதில்லையாம். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போகிறாளாம்.

"ஏன்க்கா?"

"அவளையே கேக்கணும்." என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

மே 5, திங்கள்

முதல் சார்ட்: காரணங்கள். தெற்கு பிரிந்ததற்கு வரி, கொடி, மானம் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள் என நினைத்தேன். இல்லை. மிசிசிப்பி மாநிலம் சுற்றி வளைக்கவே இல்லை. அடிமைமுறைதான் என்று பிரிவினை அறிக்கையின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. இன்னொரு குறை: ஓடிப்போகும் அடிமைகளை வடக்கு பிடித்துத் திருப்பித் தருவதில்லையாம். ஓட விட்டவன் மேல் கோபம்! எல்லாம் அழகான இங்கிலீஷில். அதுதான் அதிக எரிச்சல்.

சாப்பிடும்போது அப்பா சார்ட்டைப் பார்த்தார்.

"இம்புட்டும் எதுக்குட்டி? யாரு செயிச்சான்னு மட்டும் எழுது."

"லெட்சுமி அக்கா பாஸ்போர்ட் ஏன் நம்ம பீரோல இருக்கு?"

"ஒன் பாஸ்போர்ட்டும் அங்ஙனதான் கெடக்கு. ஒன்ன அடிமையாவா வச்சிருக்கேன்?"

அம்மா சிரித்தாள். "இவளுக்கு வாய் கூடிப்போச்சு. நாம அவள அடிச்சமா, பட்டினி போட்டமா? அரபி வீட்ல போய்ப் பாக்கச் சொல்லு."

அக்கா சப்பாத்தி கொண்டுவந்தாள். உடனே எல்லோரும் சின்னுவின் பல்லைப் பற்றிப் பேசினோம். நானும்.

எழுத வேண்டாம் என்றிருந்ததை எழுதிவிடுகிறேன். இந்த வீட்டு இங்கிலீஷ் கடிதமெல்லாம் என் வேலை. லிஃப்ட் ரிப்பேர், இன்டர்நெட் புகார், அம்மாவின் டூட்டி மாற்றம். மார்ச்சில் ஒன்று: லெட்சுமி ஆகிய நான் இன்னும் ஒரு வருடம் வேலை செய்யச் சம்மதிக்கிறேன். சொன்னது அப்பா. "முழு விருப்பத்துடன்" என்று சேர்த்தது நான். வாக்கியம் நன்றாக இருக்கும் என்பதற்காக. "லீவு பேப்பர்" என்று சொல்லி அப்பா அக்காவிடம் நீட்டினார். "பாப்பா எழுதுனதா? அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டாள். நான் பிரிண்டர் பக்கத்தில்தான் நின்றேன்.

மே 7, புதன்

வெயில் 43. யூனிஃபார்ம் முதுகோடு ஒட்டியது.

இரண்டாம் சார்ட். போர் தொடங்கி ஒரு மாதம்தான், மூன்று அடிமைகள் இரவோடிரவாகப் படகில் ஏறி, வர்ஜீனியாவில் வடக்கின் கையிலிருந்த கோட்டைக்குப் போய்விட்டார்கள். திருப்பிக் கொடு என்று ஆள் வந்தபோது தளபதி மறுத்தார். எதிரியின் சொத்து, பறிமுதல் செய்தேன் என்றார். அங்கேயும் சொத்துதான்.

செப்டம்பர் 1862, ஆன்டீட்டம். ஒரே பகலில் சோளக்காடு முழுக்கப் பிணம். ஜனவரி 1, 1863, விடுதலைப் பிரகடனம். ஆனால் பிரிந்துபோன மாநிலங்களுக்கு மட்டும். வடக்கோடு நின்றுகொண்டே அடிமை வைத்திருந்த கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேருக்குக் கிடையாது. நல்ல பக்கம் என்பதால் விட்டுவிட்டார்கள். இந்த நாலுக்கும் நீலம் பூசக் கை வரவில்லை. வெள்ளையாகவே விட்டேன்.

மாலையில் அம்மா டூட்டி, அப்பா வரவில்லை. சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்கு அடியில் பீரோ சாவி. பாஸ்போர்ட்டை எடுத்துப்போய் அக்கா கையில் வைத்தேன். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். வெட்கம்.

"என்னா பாப்பா இது? நாளைக்கி பீரோவத் தொறந்து பாத்தா யாரத் திருடின்னுவாங்க? ஒன்னையவா? போயி வை!"

"உங்களுக்கு உதவத்தான்..."

"ஒதவி! ஒங்கப்பாவோட சண்ட போடணுமா, நீயே போடு. என்னைய வச்சு வெளாடாத." சின்னு மிரண்டு பார்த்தாள். அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அந்த லீவு பேப்பர போட்டோ புடிச்சு ஊருக்கு அனுப்புனேன், அம்மா வரப்போறேன்னு. எம் மக டிக்சனரி வச்சுப் படிச்சுட்டா. 'முழு விருப்பத்தோட இருக்கேன்னு எழுதிருக்கீங்களே, அங்கயே இருங்க, நானும் வேலைக்குப் போறேன்'னுட்டா. நான் சொல்லல, அது பொய்யின்னா நம்ப மாட்டேங்குறா."

திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். சாவியை, சிமிழை, அதே இடத்தில்.

மே 8, வியாழன்

ஜூலை 1863. கெட்டிஸ்பர்க், மூன்று நாள். மறுநாள் விக்ஸ்பர்க் விழுந்தது. மிசிசிப்பி ஆறு வடக்கின் கைக்கு வந்து தெற்கு இரண்டாகப் பிளந்தது. சிவப்பு ஸ்கெட்ச் தீர்ந்துவிட்டது.

அக்கா என்னோடு பேசவில்லை. என் தட்டை மட்டும் கழுவாமல் வைத்திருந்தாள். நானே கழுவினேன்.

மே 10, சனி

நாலாம் சார்ட். அட்லாண்டா எரிந்தது. ஏப்ரல் 1865, ரிச்மண்ட் விழுந்தது, தென்படைத் தளபதி சரண். அத்தோடு முடிக்கலாம் என்றிருந்தேன். டெக்ஸாஸில் இருந்தவர்களுக்கு ஜூன் வரை விடுதலை கிடைக்கவில்லையாம். படை போய் அறிவித்த பிறகுதான். அதுவரை பருத்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். எஜமானர்களுக்கு வாசிக்கத் தெரியாதா என்ன?

அம்மாவும் அப்பாவும் சின்னுவுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தபோது அக்கா என் மேஜைக்கு வந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"அத எழுதுன கையில இன்னொன்னு எழுது. எங்க தூதரகத்துக்கு. வாசிக்கத் தெரியாம கையெழுத்து வச்சேன், லீவுன்னு சொன்னாங்க, என்னைய அனுப்பி வைங்க. அம்புட்டுத்தான்."

எழுதினேன். அழகுக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

"தமிழ்ல வாசி. ஒரு வரி விடாத."

வாசித்தேன். தலையை ஆட்டினாள்.

"அந்தப் பேப்பர யார் எழுதுனான்னு போடலியே?"

அப்பாவை ஆபீசிலிருந்து தூக்கிவிட்டால்? எங்களையும் அனுப்பிவிட்டால்? பள்ளி? அக்கா அவசரப்படுத்தவில்லை. சார்ட்டில் வெள்ளையாகக் கிடந்த நாலு மாநிலங்களைப் பார்த்தபடி நின்றாள்.

"இதுக்கு ஏன் கலர் அடிக்கல?"

"என்ன கலர்னு தெரியலக்கா."

முதல் கடிதத்தை இங்கிலீஷில் எழுதியவள் நான், அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை என்று கடைசியில் சேர்த்தேன். மதுமிதா, ஒன்பதாம் வகுப்பு. என் கையெழுத்து. மேலே அக்கா தன் கையெழுத்தைப் போட்டாள்.

நன்றி சொல்லவில்லை. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அரிசி களையப் போனாள்.

மே 11, ஞாயிறு

பள்ளியிலிருந்து வந்தால் அப்பா வீட்டில். இந்நேரத்தில் வரவே மாட்டார். அம்மா இடுப்பில் சின்னு, அழுதழுது முகம் வீங்கி.

காலை பத்து மணிக்கு அக்கா சின்னுவைக் குளிப்பாட்டி, ஊட்டி, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "போயிட்டு வாரேன் மேடம்" என்று ஒரு பையோடு இறங்கிப் போய்விட்டாளாம். கடைக்கு என்று அம்மா நினைத்திருக்கிறாள்.

"சொந்தக்காரி மாதிரி வச்சிருந்தோம்" என்று அம்மா.

"லேப்டாப்ப எடுட்டி" என்றார் அப்பா. "அப்ஸ்காண்டிங் புகார் குடுக்கணும். நான் அவளுக்குக் கஃபீல், விசாவுக்கு நாந்தான் பொறுப்பு. சொல்லாம ஓடிட்டான்னு எழுது. நல்ல ஸ்ட்ராங்கான இங்கிலீஷ்ல எழுது."

"எழுத மாட்டேன்."

"என்னது?"

"அவங்க சொல்லிட்டுத்தான் போனாங்க. நான் ஏற்கெனவே ஒண்ணு எழுதிட்டேன். அவங்க தூதரகத்துக்கு. கீழ எம் பேரும் இருக்கு."

சின்னு மட்டும் "ஏச்சுமி, ஏச்சுமி" என்று கதவைக் காட்டினாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"என்னட்டி எழுதுன? வாசி."

லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு கடிதமும் ஒரே ஃபோல்டரில்தான். மார்ச் கடிதத்திலிருந்து தொடங்கினேன். தமிழில், ஒரு வரி விடாமல்.